சரியாயிரும் என்று சொல்லாத ஒருவர்

எங்கள் ஊரிலிருந்து கீழே இறங்க இரண்டு வழி. ஊத்துக்குப் போய்க் கொடைக்கானல் ரோட்டைப் பிடித்து வத்தலக்குண்டுக்கு இறங்கலாம். இல்லாவிட்டால் தாண்டிக்குடி, தடியன்குடிசை, பெரும்பாறை, சித்தரேவு, பட்டிவீரன்பட்டி என்று அந்தப் பக்கமாக இறங்கலாம். சின்ன வயதில் ஜன்னலோர சீட்டுக்குச் சண்டை போட்டுக்கொண்டு போன பாதைகள். இப்போது பஸ் ஏறியதும் ஒவ்வொரு வளைவுக்கும் முன்சீட்டுக் கம்பியைப் பிடித்தாக வேண்டுமே என்பதுதான் நினைப்பு. பிடித்தால் மணிக்கட்டு வலிக்கும். பிடிக்காவிட்டால் தோள் போய் ஜன்னலில் இடிக்கும். மலை இறங்கி ஒரு டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தால் அடுத்த இரண்டு நாள் எனக்குப் படுக்கைதான்.

மூட்டுக்காக 2016-லிருந்து இந்த வளைவுகளில் இறங்கி ஏறிக்கொண்டிருக்கிறேன். மனசுக்காக முதல் தடவை இறங்கியது 2022 கடைசியில். நடுவில் ஆறு வருஷம் போயிருக்கிறது. அதன் பிறகும் எனக்கேற்ற ஆள் கிடைக்கப் பத்து மாதம் ஆனது. இந்த மலையில் எனக்கு மட்டும் நடந்த கதையாக இது இருக்காது என்பதால் எழுதி வைக்கிறேன்.

எனக்கு இருப்பது சரவாங்கி. முடக்குவாதம் என்றும் சொல்வார்கள். மருத்துவமனைச் சீட்டில் ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ் என்று இருக்கும். வயதானவர்களுக்கு வரும் மூட்டுத் தேய்மானம் வேறு, இது வேறு. கிருமிகளை எதிர்க்க வேண்டிய உடம்பின் எதிர்ப்புச் சக்தி, திசை தெரியாமல் மூட்டுகளின் உள்சவ்வையே தாக்கும். ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகமாக வருகிறது. எனக்கு வந்தபோது வயது 31. வாரத்துக்கு ஒரே ஒரு நாள் மெத்தோட்ரெக்ஸேட் (தினமும் போடும் மாத்திரை என்று நினைத்துப் போட்டுவிட்டால் உயிருக்கே ஆபத்து), அதோடு போலிக் ஆசிட், தினமும் ஹைட்ராக்சிகுளோரோகுவின், அதற்காக வருஷம் ஒரு முறை கண் பரிசோதனை, இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஈரலுக்கும் ரத்தத்துக்கும் பரிசோதனை. நல்ல மருந்துகள். என் விரல்கள் இன்னும் நேராக இருப்பதற்கு அவைதான் காரணம். ஆனாலும் போகிற நோய் கிடையாது. அடங்கும், கிளம்பும், மறுபடி அடங்கும். காலையில் எழுந்தால் ஒரு மணி நேரத்துக்கு விரல்கள் மடங்காது. மார்கழியில் இங்கே அடிக்கும் குளிரில் அது இரண்டு மணி நேரமாகத் தெரியும்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு எல்லோரும் ஒரே சொல்லைத்தான் சொல்வார்கள். சரியாயிரும்.

அம்மா சொன்னாள். அத்தை சொன்னார். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள், கல்யாண வீட்டில் பந்தியில் எதிரே இருந்தவர்கள், மாத்திரைக் கடைக்காரர், ஒரு தடவை ரத்தம் எடுத்த பையன். அன்பாகத்தான் சொன்னார்கள். ஒருத்தர்மீதும் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் சரியாகாத ஒன்றை வைத்திருக்கிறவளிடம் அந்தச் சொல்லை ஆயிரம் தடவை சொன்னால், ஒரு கட்டத்தில் அவள் பேச்சை நிறுத்திக்கொள்வாள். ‘இப்ப எப்படி இருக்கு?’ என்று கேட்டால் ‘பரவால்ல’ என்று சொல்லப் பழகினேன். ‘பரவால்ல’ என்று சொன்னால் ‘சரியாயிரும்’ வராது, சீக்கிரம் பேச்சு மாறிவிடும்.

ஏதோ சரியில்லை என்று எனக்கே உறைத்தது 2022 பங்குனியில். காப்பிக்காட்டில் பூ மழை பெய்திருந்தது. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: மாசி, பங்குனியில் ஒரு நல்ல மழை இறங்கினால் எட்டு ஒன்பது நாளில் காப்பிச் செடி முழுவதும் ஒரே நேரத்தில் பூக்கும். கிளை தெரியாமல் வெள்ளை வெளேரென்று இருக்கும். மல்லிகை மாதிரி வாசம். இரண்டு மூன்று நாள்தான், பிறகு பழுப்பாகிக் கருகிவிடும். கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து ஒரு வருஷம்கூட அந்தக் காலையை நான் விட்டதில்லை. அந்த வருஷம் வீட்டுப் பின்கதவைத் திறந்தாலே தெரியும் தூரத்தில் பூ இருந்தது. நான் எழுந்து போகவில்லை. அன்றைக்கு எனக்கு வலி குறைவான நாள் என்பதுதான் என்னைப் பயமுறுத்தியது. நடக்க முடிந்தது. போகணும் என்றே தோன்றவில்லை.

அழவும் இல்லை. அழுதிருந்தால் யாராவது கேட்டிருப்பார்கள்.

கேட்டவர் ஒருத்தர் வந்தார், அதுவும் எனக்காக வரவில்லை. ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் 2021 ஆகஸ்டில் தொடங்கியதிலிருந்து, அத்தைக்கு ரத்தக் கொதிப்பு மாத்திரை வீட்டுக்கே வருகிறது. கொண்டுவருகிறவர் மகளிர் சுயஉதவிக் குழுவில் இருக்கும் ஒரு அக்கா. அத்தையின் கையில் பட்டையைச் சுற்றிக் கொதிப்பு பார்த்துக்கொண்டே, வாசப்படியில் உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்து, “நீ ஏன்த்தா இப்பிடி இருக்க? ராத்திரி தூங்குறியா?” என்றார். மூட்டு எப்படி இருக்கிறது என்று கேட்கவில்லை. தூங்குகிறாயா என்று கேட்டார். இல்லக்கா என்றேன். ஆறு வருஷத்தில் ‘பரவால்ல’ என்று சொல்லாமல் நான் சொன்ன முதல் பதில் அதுதான்.

அவர் தன் போனைத் திறந்து ஒரு எண்ணைக் காட்டினார். 14416. அந்த அக்டோபர் 10, உலக மனநல நாளில்தான் டெலி மானஸ் என்ற அந்தச் சேவையை மத்திய அரசு தொடங்கியிருந்தது. தமிழ்நாட்டில் அதற்கு ‘நட்புடன் உங்களோடு’ என்று பெயர். காசு கிடையாது, ராத்திரி பகல் எந்நேரமும் கூப்பிடலாம், தமிழில் பேசலாம். நான் கூப்பிட்டது ஒரு நவம்பர் ராத்திரி, எல்லோரும் தூங்கிய பிறகு, காப்பி காயப்போடும் களத்து ஓரத்தில் நின்றுகொண்டு. வீட்டுக்குள் சிக்னல் நிற்காது. எடுத்தது ஒரு பெண் குரல். பேரைச் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை என்றார். அரை மணி நேரம் பேசினேன். அப்போது அழுகை வந்தது. கடைசியில் அவர் சொன்னது: “நீங்க இதைத் தொடர்ந்து ஒருத்தர்கிட்டயே பேசுறது நல்லதுங்க. உங்க மாவட்டத்துலயே இருக்காங்க.” அந்த ராத்திரிக்கு அந்த எண் போதுமானதாக இருந்தது. அவசரத்துக்கு இன்றைக்கும் அதைத்தான் எல்லோருக்கும் சொல்கிறேன். தூங்க முடியாத ராத்திரியாக இருந்தாலும் சரி, உயிரோடு இருந்து என்ன செய்ய என்ற எண்ணம் வரும் ராத்திரியாக இருந்தாலும் சரி, 14416. விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். எனக்கு அடுத்து வேண்டியிருந்தது வாரா வாரம் என் கதையின் தொடர்ச்சி தெரிந்த ஒரு ஆள்.

அங்கேதான் குழப்பம் ஆரம்பித்தது. யாரைப் பார்ப்பது? அந்த ஆளுக்கு எங்கள் ஊரில் பேரே கிடையாது. ‘கவுன்சிலரைப் பார்க்கப் போறேன்’ என்று சொன்னால் பேரூராட்சி வார்டு கவுன்சிலர்தான் நினைவுக்கு வருவார். நான் சொன்னபோது பக்கத்து வீட்டு மதினி, “தெருக்குழாய் விஷயத்தையும் சேத்துச் சொல்லிட்டு வா” என்றாள். உண்மையைச் சொல்லக் கூச்சப்பட்டு, சரி மதினி என்று தலையாட்டிவிட்டுப் போனேன்.

தேடித் தேடி நான் புரிந்துகொண்டது இது. மனநல மருத்துவர் என்பவர் எம்.பி.பி.எஸ். முடித்து, அதற்கு மேல் மனநலம் படித்த டாக்டர். மாத்திரை எழுத முடியும். மருத்துவ உளவியலாளர் என்பவர் உளவியல் படித்து, அதற்கு மேல் மருத்துவமனைப் பயிற்சியோடு இரண்டு வருஷ எம்.ஃபில் முடித்து, இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவு செய்தவர். மாத்திரை எழுத மாட்டார். பேச்சின் வழியாகச் சிகிச்சை தருகிறவர். மனநல சமூகப் பணியாளர் குடும்பத்தையும் சேர்த்துக்கொண்டு வேலை செய்வார். இவர்களுக்கு வெளியே, ஆலோசகர் என்று பலகை மாட்டியவர்கள் நிறையப் பேர். அதில் நன்றாகப் படித்தவர்களும் உண்டு, ஒரு மாத வகுப்பு முடித்துச் சான்றிதழ் வாங்கியவர்களும் உண்டு. பலகையைப் பார்த்து வித்தியாசம் தெரியாது. என்ன படித்தீர்கள், எங்கே பயிற்சி, பதிவெண் உண்டா என்று நாம்தான் கேட்க வேண்டும். நம் ஊரில் டாக்டரிடம் படிப்பைக் கேட்பது மரியாதைக் குறைவு என்று நினைப்போம். நல்ல படிப்புப் படித்தவர்கள் அந்தக் கேள்விக்குக் கோபப்படுவதில்லை என்பதைப் பிறகு பார்த்துவிட்டேன்.

வீட்டில் சொல்வது இதைவிடக் கஷ்டமாக இருந்தது. அத்தை கேட்டதும் முகம் மாறியது. “ஏர்வாடிக்கா கூட்டிட்டுப் போகச் சொல்றாங்க?” என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு காப்பகக் கொட்டகையில் தீப்பிடித்து, சங்கிலியால் கட்டிவைக்கப்பட்டிருந்த 28 பேர் இறந்துபோனார்கள். ஓடக்கூட முடியவில்லை அவர்களால். பேப்பரில் வந்த அந்தப் படங்களைப் பார்த்த தலைமுறைக்கு மனசுக்கு வைத்தியம் என்றால் முதலில் கண்ணில் தெரிவது சங்கிலிதான். அதற்குப் பிறகு எவ்வளவோ மாறியிருக்கிறது. மாவட்ட மனநலத் திட்டம் இப்போது தமிழ்நாட்டில் எல்லா மாவட்டத்திலும் இருக்கிறது. 2017-ல் வந்த மனநலப் பாதுகாப்புச் சட்டம் சங்கிலி போடுவதை அடியோடு தடை செய்திருக்கிறது. மதுரையில் டாக்டர் சி. ராமசுப்பிரமணியன் 1992-ல் தொடங்கிய எம்.எஸ். செல்லமுத்து அறக்கட்டளை, எங்கள் தென்மாவட்டங்களில் எத்தனையோ குடும்பங்களின் பயத்தைப் போக்கியிருக்கிறது. இதையெல்லாம் நான் அத்தைக்கு விளக்கவில்லை. “ஆஸ்பத்திரியில உக்காந்து பேசிட்டு வாரது அத்தை, வேற ஒண்ணுமில்ல” என்றேன். என் வீட்டுக்காரர் மட்டும், “நானும் வாரேன்” என்றார். அவ்வளவுதான் பேச்சு.

முதலில் அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவரைப் பார்த்தேன். மாவட்ட மனநலக் குழுவின் டாக்டர்கள் குறிப்பிட்ட நாள்களில் தாலுகா மருத்துவமனைகளுக்கும் வருவார்கள். எந்த நாள், எந்த ஊர் என்று உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டால் சொல்வார்கள். எனக்குப் பார்த்தவர் செய்த முதல் காரியத்துக்கு இன்றுவரை நன்றியோடு இருக்கிறேன். மனசைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் ஹீமோகுளோபினும் தைராய்டும் பார்க்கச் சொன்னார். ஸ்டீராய்டு மாத்திரை எப்போது போட்டீர்கள், எவ்வளவு என்று கேட்டார். அந்த மாத்திரையே தூக்கத்தையும் மனநிலையையும் கலைக்கும் என்று அதுவரை எனக்கு யாரும் சொன்னதில்லை. ஹீமோகுளோபின் குறைவாக இருந்தது. அதற்கு மாத்திரை எடுத்த இரண்டு மாதத்தில் களைப்பு கொஞ்சம் விட்டது. நாள்பட்ட நோய் உள்ளவர்களுக்கு இது முக்கியம். சோர்வு என்றவுடன் மனசுதான் என்று முடிவுகட்டிவிடக் கூடாது, உடம்புதான் என்றும் விட்டுவிடக் கூடாது.

அவரிடம் இன்னொரு பழைய புண்ணையும் கேட்டு ஆற்றிக்கொண்டேன். சில வருஷங்களுக்கு முன்னால், வலிக்காகப் பார்த்த ஒரு டாக்டர் ராத்திரி போட ஒரு சின்ன மாத்திரை எழுதினார். அமிட்ரிப்டிலின். வீட்டுக்கு வந்து போனில் தேடினால் ‘மனச்சோர்வு மருந்து’ என்று வந்தது. வலியெல்லாம் என் கற்பனை என்று நினைத்துவிட்டாரா என்று மனசு விட்டுப்போய், அந்த மாத்திரையைத் தொடவே இல்லை. அந்த மருந்தைக் குறைந்த அளவில் நரம்புவழி வலிக்கும் தூக்கத்துக்கும் கொடுப்பது உலகம் முழுக்க வழக்கம் என்று இவர்தான் சொன்னார். ஒரு நிமிஷ விளக்கம். அன்றைக்கே கிடைத்திருந்தால் எத்தனையோ ராத்திரி தூங்கியிருப்பேன்.

பிறகு பேசுவதற்கான ஆளைத் தேடினேன். முதலில் கிடைத்தவர் ஒரு நகரத்தில், மாடியில். இரண்டு மாடி, லிப்ட் இல்லை. கைப்பிடியைப் பிடித்து ஏறிப் போய்ச் சேரும்போதே பாதி உயிர் போய்விட்டது. அவர் கெட்டவர் இல்லை, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆனால் பதினைந்து நிமிஷத்துக்குள் என்னிடம், “நீங்க வலியையே நெனச்சுக்கிட்டு இருக்கீங்க, அத மறந்துட்டு நல்லதையே நெனைங்க, எல்லாம் சரியாயிரும்” என்றார். அங்கேயும் அதே சொல். அதைக் கேட்கவா இத்தனை வளைவு சுற்றி வந்தேன் என்று இருந்தது. இரண்டு முறை போனேன். இரண்டாம் முறை, நோய்க்கு நான் இடம் கொடுத்துவிட்டதாகச் சொன்னார். மூன்றாம் முறை எனக்குக் கை வீங்கியிருந்ததால் போக முடியவில்லை என்று காலையில் போன் செய்தேன். வராவிட்டாலும் காசு கட்ட வேண்டும் என்றார்கள். கட்டிவிட்டு நிறுத்திக்கொண்டேன். அதற்குப் பிறகு நாலு மாதம் யாரையும் தேடவில்லை. ஒரு ஆள் சரிப்படவில்லை என்றால் அந்த வைத்தியமே நமக்கு ஒத்துவராது என்று நினைத்துக்கொண்டேன். மூட்டுக்கு முதல் மருந்து கேட்காதபோது நான் அப்படி நினைக்கவில்லை. வேறு மருந்து மாற்றச் சொல்லித்தான் கேட்டேன்.

அந்த நாலு மாதத்தில் ஒரு விஷயம் படித்தேன். 2013-ல், சரவாங்கி உள்ளவர்களுக்கு மனச்சோர்வு எவ்வளவு என்று 72 ஆய்வுகளை, 13,189 நோயாளிகளைச் சேர்த்துப் பார்த்த கட்டுரை ஒன்று வந்திருக்கிறது. நேரில் பேசிக் கண்டறிந்த கணக்குப்படி ஏறக்குறைய 17 விழுக்காட்டினருக்குப் பெரிய அளவு மனச்சோர்வு. ஒன்பது கேள்விப் படிவத்தை நிரப்பிப் பார்த்த கணக்குப்படி ஏறக்குறைய 39 விழுக்காடு. இந்த இரண்டு எண்ணுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியை நான் வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் படிவத்தை நானும் நிரப்பியிருக்கிறேன். தூக்கம் கெடுகிறதா, களைப்பாக இருக்கிறதா, சாப்பாடு இறங்காமல் இருக்கிறதா, மற்றவர்கள் கவனிக்கும் அளவுக்கு மெதுவாக நடமாடுகிறீர்களா என்று கேட்கும். சரவாங்கிக்காரிக்கு இது அத்தனைக்கும் ஆமாம்தான். மெதுவாக நடமாடாமல் எப்படி? அதனால் மூட்டு பதில் சொல்லும் கேள்விகளுக்கு மனசு மார்க் வாங்கிவிடுகிறது என்பது என் எண்ணம். அதற்காகப் படிவம் தப்பு என்று சொல்ல வரவில்லை. 17 என்பதே சின்ன எண் இல்லை, ஆறு பேரில் ஒருத்தர். நம்மைப் பார்க்கிறவருக்கு எது நோயின் களைப்பு, எது மனசின் களைப்பு என்று பிரித்துக் கேட்கத் தெரிந்திருக்க வேண்டும், அதுதான் விஷயம்.

இரண்டாம் தடவை தேடும்போது வேறு மாதிரித் தேடினேன். முதலில், நேரில் போகும் யோசனையை விட்டேன். போனில் பேசுகிறவர்தான் வேண்டும். நல்ல நாளில் வளைவு இறங்கிப் போய்விடலாம், ஆனால் எனக்கு ஆள் தேவைப்படுவது கெட்ட நாளில். அடுத்து, மூட்டு டாக்டரிடமே கேட்டேன். உங்களிடம் வருகிற மற்றவர்களை யாரிடம் அனுப்புகிறீர்கள்? அவர் இரண்டு பேரின் எண்ணைக் கொடுத்தார். ஏன் இதை முதலிலேயே கேட்கவில்லை என்று தோன்றியது. மூட்டு டாக்டரிடம் மூட்டைப் பற்றி மட்டும்தான் பேச வேண்டும் என்று எனக்கு நானே ஒரு வேலி போட்டிருந்தேன்.

மூன்றாவது, போனை எடுத்தவுடன் கதை சொல்ல ஆரம்பிக்கவில்லை. முன்கூட்டியே எழுதி வைத்துக்கொண்டு கேட்டேன். எழுதியதை இங்கே அப்படியே தருகிறேன், யாருக்காவது உதவலாம். “எனக்கு ஏழு வருஷமாகச் சரவாங்கி. இது முழுக்கக் குணமாகாது என்று எனக்குத் தெரியும். இதோடு வாழ்வதற்கு உதவி வேண்டும். இந்த மாதிரி நாள்பட்ட நோய், தீராத வலி உள்ளவர்களோடு நீங்கள் வேலை செய்திருக்கிறீர்களா? எப்படிச் செய்வீர்கள்? சில நாள் எனக்குப் பேசக்கூட முடியாது, அன்றைக்குக் காலையில் சொன்னால் நேரம் மாற்ற முடியுமா? தேவைப்பட்டால் என் டாக்டரோடு பேசுவீர்களா? உங்கள் படிப்பு என்ன, பதிவெண் உண்டா? கட்டணம் எவ்வளவு?”

முதலாமவர் நேர்மையாகச் சொன்னார். குழந்தைகளோடுதான் அதிகம் வேலை செய்கிறேன், உங்களுக்கு நான் பொருத்தமில்லை என்றார். எனக்கு அது நல்ல பதிலாகவே பட்டது. இரண்டாமவர் மதுரையில் இருக்கும் மருத்துவ உளவியலாளர். நான் எழுதி வைத்ததை வாசித்து முடிக்கும் வரை குறுக்கே பேசவில்லை. முடித்ததும் சொன்னார், “குணமாகாதுன்னு நீங்களே சொல்லிட்டீங்க. சரி. அப்ப அத நடுவுல வச்சுக்கிட்டே பேசுவோம்.”

களத்துக் கல்கட்டில் உட்கார்ந்திருந்தேன். எனக்கு உடனே பதில் வரவில்லை. ஏழு வருஷமாக அது குணமாகும் என்று மற்றவர்கள் நம்புவதற்காக நான் நடித்துக்கொண்டிருந்தது அப்போதுதான் விளங்கியது. அந்த நடிப்பை ஒருத்தர் வேண்டாம் என்றதும் தோளிலிருந்து விறகுக் கட்டை இறக்கி வைத்த மாதிரி இருந்தது.

அதன் பிறகு நடந்ததைப் பெரிய அதிசயமாகச் சொல்ல ஒன்றுமில்லை. மாதம் இரண்டு தடவை, வியாழக்கிழமை மூன்று மணி. முதல் இரண்டு மாதம் நான் இழந்ததைப் பற்றித்தான் பேசினோம். இழவு வீட்டில் ஒப்பாரி வைக்க இடம் இருக்கிறது, பதினாறாம் நாள் காரியம் இருக்கிறது. போன உடம்புக்கு எதுவும் இல்லை. பழைய கை போய்விட்டது, கூடை நிறையப் பழத்தோடு சரிவில் ஏறி வந்த இடுப்பு போய்விட்டது. அதற்கு நான் அழவே இல்லை. அதற்கு அவர் இடம் கொடுத்தார். சீக்கிரம் தேறச் சொல்லவில்லை.

பிறகு வேலையைப் பற்றிப் பேசினோம். நல்ல நாள் வந்தால் நான் விட்ட வேலையையெல்லாம் ஒரே நாளில் செய்வேன். காப்பிப் பழம் பறிக்கும் பருவத்தில், வலி தாங்க முடியாத வரை பறித்துவிட்டு மூன்று நாள் படுப்பேன். எழுந்ததும் மறுபடி அதே மாதிரி. அவர் கேட்டார், “வலி வந்ததும் நிறுத்துறீங்க. வலி வர்றதுக்கு முன்னாடியே நிறுத்துனா என்ன?” இந்த யோசனைக்கு ஒரு வரலாறு இருக்கிறது. வில்பர்ட் ஃபோர்டைஸ் என்ற அமெரிக்க உளவியலாளர், 1970-களில் சியாட்டிலில் தீராத வலிக்காரர்களோடு வேலை செய்தவர். வலியை அளவுகோலாக வைத்து ஓய்வெடுக்காமல், முன்கூட்டியே நிர்ணயித்த அளவுக்கு மட்டும் வேலை செய்து ஓய்வெடுக்கப் பழக்கினார். இந்தத் துறையில் இன்றும் அது அடிப்படைப் பாடம். எங்கள் காட்டில் அதை இப்படிச் செய்தோம். இருபது நிமிஷம் பறிப்பது, போனில் மணி அடித்ததும், வலிக்காவிட்டாலும், முள்முருங்கை மரத்தடியில் உட்காருவது. கேட்கச் சுலபம். வலிக்காமல் இருக்கும்போது உட்காருவது எவ்வளவு கஷ்டம் தெரியுமா? பக்கத்துச் செடியில் பறிக்கிறவர்கள் பார்ப்பார்கள். கை நல்லா இருக்கும்போதே உட்கார்ந்திருக்கிறாளே என்று நினைப்பார்களோ என்று உடம்பு கூசும். அந்தக் கூச்சத்தைப் பற்றி மட்டும் இரண்டு வியாழக்கிழமை பேசியிருக்கிறோம். அந்தப் பருவத்தில் மொத்தமாகப் பார்த்தால் முந்தின வருஷத்தைவிட அதிகமாகவே பறித்திருந்தேன், படுத்த நாள்கள் குறைந்ததால்.

செலவைச் சொல்லாமல் விட்டால் பொய்யாகிவிடும். ஒரு தடவைக்கு 800 ரூபாய். காப்பி விலை நன்றாக இருக்கும் வருஷத்தில் சமாளிக்கலாம், மற்ற வருஷத்தில் யோசிக்க வேண்டும். நான் கேட்டதும் மாதம் இரண்டை ஒன்றாகக் குறைத்துக்கொண்டார், கட்டணத்தையும் கொஞ்சம் குறைத்தார். கேட்கலாம், தப்பில்லை. 2017 சட்டத்தின்படி உடல் நோய்க்குத் தருவது போலவே மனநோய்க்கும் மருத்துவக் காப்பீடு தந்தாக வேண்டும். ஆனால் நிறையக் காப்பீடுகள் ஆஸ்பத்திரியில் படுத்தால்தான் காசு தருகின்றன. பேசிவிட்டு வருவதற்குத் தருகிறதா என்று பாலிசியை வாசித்துப் பார்த்துக்கொள்ளுங்கள். காசே முடியாது என்றால் அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. அங்கே உளவியலாளர் யார், எந்த நாள் வருகிறார் என்று குறிப்பாகக் கேட்க வேண்டும். கூட்டத்தில் கேட்காவிட்டால் மாத்திரையோடு அனுப்பிவிடுவார்கள்.

இன்னொன்று, இடம். போனில் பேசலாம் என்று எல்லோரும் சொல்கிறார்கள், எங்கே உட்கார்ந்து பேசுவது என்று யாரும் சொல்வதில்லை. எங்கள் வீட்டில் சுவர் இருக்கிறது, கதவு இருக்கிறது, ஆனாலும் தனியாக ஒரு மணி நேரம் என்பது கிடையாது. நான் களத்துக்கு அப்பால் சில்வர் ஓக் வரிசையில் ஒரு கல்லைப் பிடித்து வைத்திருக்கிறேன். சிக்னலும் அங்கேதான் நிற்கும். மழை வந்தால் இரண்டும் போய்விடும். ஐப்பசி மாதத்தில் பாதி நாள் பேச்சு நடுவில் அறுந்துவிடும். அப்போது எழுதி அனுப்புவேன், அவர் படித்து வைத்துக்கொள்வார். விரல் மடங்காத நாளில் குரலைப் பதிந்து அனுப்புவேன். முதலிலேயே இதையெல்லாம் பேசி முடிவு செய்துகொண்டதால்தான் இரண்டு வருஷம் தாண்டியும் அறுபடாமல் போகிறது.

ஒரு வியாழக்கிழமை அவர், எங்கள் வீட்டில் வேறு யாராவது பேச விரும்பினால் சேர்ந்து பேசலாம் என்றார். வீட்டுக்காரர் வருவார் என்று நினைத்தேன். அத்தை வந்தார். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கல்லில் என் பக்கத்தில் உட்கார்ந்து, போனை நோக்கிக் கொஞ்சம் சத்தமாகவே பேசினார். “சரியாயிரும் சரியாயிரும்னு சொல்லுறேன், அவ மூஞ்சி சுருங்குது. நான் வேற என்னம்மா சொல்லுறது?” இத்தனை வருஷம் அவருக்கும் அந்தக் கேள்வி இருந்திருக்கிறது. மறுமுனையில் அவர், “அன்னன்னைக்கி எப்பிடி இருக்குன்னு மட்டும் கேளுங்கம்மா, போதும்” என்றார்.

இப்போதெல்லாம் காலையில் அடுப்படியிலிருந்து அத்தை கேட்பது ஒன்றுதான். “இன்னிக்கி எந்தக் கை?” வலது என்று சொன்னால் வரக்காப்பித் தம்ளரை இடது பக்கம் வைத்துவிட்டுப் போகிறார்.